பழந்தமிழ் நூல்களிற் பித்தர் நிலை

பூம்புகார் நகரின் சிறப்பினை எடுத்தோதுமிடத்து இளங்கோவடிகள் அந்நகர்க்கண் நின்ற ஐவகை மன்றங்களைக் கூறுவர். கள்வரைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளிடை மன்றம், உடற்குறை நீக்கும் இலஞ்சி மன்றம், மயலும் நஞ்சும் முதலிய தீரப்பெறும் நெடுங்கல் நின்ற மன்றம், பொய்யொழுக்கத்தாரைப் புடைத்துண்ணும் பூதசதுக்கம், அரசனும் அறங்கூறவையத்தாரும் நெறி பிறழ்ந்தவழிக் கண்ணீர் உகுக்கும் பாவை மன்றம் என்பன அவை. இவற்றுள் பூதசதுக்கமும் பாவை மன்றமும் தமிழர்தம் அறச்சிறப்பிற்கு மேற்கோளாகப் பலராலும் எடுத்துக் காட்டப்பெறுகின்றன. நெடுங்கல் நின்ற மன்றம் அத்துணைப் பேசப்படுவதில்லை. ஆயினும் பழந்தமிழ் மக்கள் அறிவு திரிந்தாரை எங்ஙனம் நோக்கினர் என்று ஆராய்வார்க்கு அதனினும் சிறந்த தொடக்கம் வேறில்லை.

அம்மன்றத்தின்கண் வந்து துயர் நீங்குவோர் நால்வகையினர். வஞ்சனையால் ஊட்டப்பெற்ற மருந்தினால் மயலுற்றோர் ஒருசாரார். நஞ்சுண்டு நடுங்குவோர் ஒருசாரார். பாம்பு தீண்டப்பெற்றோர் ஒருசாரார். பேயாற் பற்றப்பட்டோர் ஒருசாரார். இந்நால்வரும் அந்நெடுங்கல்லினை வலம்வந்து தொழுதலானே துயர் நீங்கப்பெறுவர் என்பது அடிகள் கூறும் செய்தி. இதன்கண் இரண்டு நுணுக்கங்கள் உள. பேய் பிடித்தாரும் மயலுற்றாரும் ஒருவரல்லர் என்பது ஒன்று. மயலெல்லாம் பேயின் செயலே என்று கொள்ளும் பிற்கால வழக்கு அடிகளிடத்து இல்லை. இருவரையும் இருவேறு இனமாக அவர் பகுத்தோதினர். மயலுற்றாரைப் பாம்பு கடியுண்டாரோடும் நஞ்சுண்டாரோடும் ஒருங்கு வைத்து எண்ணினமை மற்றொன்று. பாம்பு தீண்டப்பெற்றான் ஒருவனை நோக்கி, 'இஃது உன் குற்றம்' என்பார் யாருமிலர். அதுபோலவே மயலும் புறத்தினின்று வந்துற்ற இடுக்கணாகவே ஆண்டுக் கருதப்பட்டது. அங்குப் பிணிக்கும் கயிறும் இல்லை, அடிக்கும் கோலும் இல்லை. அவர்கள் தாமே வருகின்றனர், வலம் வருகின்றனர், தொழுகின்றனர், நீங்குகின்றனர்.

இதுகொண்டு புகாரில் மனநோய் மருத்துவச்சாலை இருந்தது என்று கூறுதல் மிகையாம். நூலாசிரியர் கூறியது தெய்வத்தன்மையுடைய கல்லொன்றினையே. மருத்துவனையும் மருந்தினையும் அவர் ஆண்டுக் கூறிற்றிலர். இல்லாத ஒன்றனை உண்டென்று நாட்டி நாட்டுப் பெருமை பேசுதல் பெருமையாகாது. உள்ளதோ அதனினும் பெரிது. ஒரு தலைநகரின் சிறப்பினை எண்ணப் புகுந்த புலவர், அதன் மாடங்களையும் அங்காடிகளையும் எண்ணியதோடு அமையாது, பித்தர் வந்து தெளிவுபெறும் இடத்தினையும் அந்நகரின் அணிகளுள் ஒன்றாக வைத்தெண்ணினார். இந்திரவிழவின்கண் ஐவகை மன்றங்கட்கும் பலியிட்டதனையும் கூறினார். பித்தர் இருத்தலை மறைத்துவைக்க வேண்டிய இழுக்காக அந்நகர் கருதவில்லை என்பது இதனாற் போதரும்.

இனி, இதற்கு மறுதலையாய செய்தியும் தமிழிலேயே உளது. அதனை மறைத்தல் ஆராய்ச்சி நெறியன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், நகை என்னும் மெய்ப்பாடு பிறக்குமிடங்களை விரித்தற்குப் பழைய நாடகத்தமிழ் நூற்பா ஒன்றினைக் காட்டுகின்றனர். அஃது இறந்துபட்ட செயிற்றியத்தைச் சார்ந்ததென்று கொள்ளப்படுவது. அதன்கண் முடவர் நடை, மடவோர் சொல், பித்தர் பிதற்றல், குழவியின் மழலை, கல்லாதான் கூறும் கல்வி, கட்குடியர், காபாலிகர் எனப் பலவும் நகைக்கு நிலைக்களனாக நிரல்பட வருகின்றன. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டது ஆரியர் வாயில் வரும் தமிழ்மொழி. இறுதியில் கூன், குறள், ஊமை, செவிடு என்னும் நால்வரும் வைக்கப்பட்டுள்ளனர்.

இந்நால்வரை மீண்டும் ஒருமுறை நோக்குக. புகாரின் இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி நல்லுருப் பெற்று மீள்வோர் என்று அடிகள் கூறியதும் இந்நால்வரையே. அழுகிய மெய்யினரை மட்டும் அவர் கூட்டியுரைத்தார். ஒரே நால்வர், ஒரே மொழி. ஒரு நூலில் நகைக்கு நிற்கின்றனர், ஒரு நூலில் நவை நீங்குகின்றனர். பித்தர்க்கும் இஃதொக்கும். நாடகநூல் அவர்தம் பிதற்றலைக் கேட்டு நகைக்க என்றது. காப்பியம் அவர்தம் துயர் நீங்கும் இடத்தைக் காட்டியது. ஒன்றனை மட்டும் எடுத்துத் 'தமிழர் நாகரிகம் அருள்நாகரிகம்' என்று முழங்குவாரும், மற்றொன்றனை மட்டும் எடுத்து இகழ்வாரும் பாதி நூலே படித்தவராவர்.

நாடகநூல் அரங்கின் இயல்பு கூறியதேயன்றி மக்களின் மனப்பாங்கு கூறியதன்றே எனின், அற்றன்று. அரங்கில் நகை பிறப்பது அவையத்தார் நகைப்பதனாலன்றோ? அவர் நகையார் எனின், நூலார் அதனை நகைக்கு இடமென்று ஓதுதல் யாங்ஙனம்? ஆகலின் அந்நிரல் அக்காலத்து அவையத்தாரின் உள்ளத்தைக் காட்டும் ஆடியேயாம். அதனைச் சற்று உற்று நோக்கின், அஃது ஒரு மதில் போலத் தோன்றும். மதிலின் உட்புறத்து நிற்பவன் தெளிந்த அறிவும் குறையற்ற உடலும் திருந்திய தமிழும் உடையவன். புறத்தே நிற்போர் பித்தரும் ஊமரும், தமிழைத் திருத்தமாகச் சொல்லமாட்டாத வேற்றுமொழியாரும். ஒரு நாட்டார் 'யாம் இன்னார்' என்று தம்மை அறிந்துகொள்ளும் வழிகளுள் பிறரை நோக்கி நகைத்தல் மிக எளியது. அங்ஙனம் நகைப்பார்க்கு அயல்மொழியானும் அறிவு திரிந்தானும் ஒரே வரிசையில் நிற்பது வியப்பன்று. அயலானை நகைத்தற்கு வைத்த வரிசையில் தன் வீட்டுப் பிள்ளையே ஒருநாள் நிற்க நேரும் என்பதனை அவர் எண்ணியிலர்.

சைவர்க்கு இந்நிரலில் வேறோர் உறுத்தலும் உண்டு. காபாலிகரும் இதன்கண் உளர். தலையோடேந்திப் பலி திரிதல் இறைவன் கோலங்களுள் ஒன்று. பித்தன் என்பதும் அவன் பெயர்களுள் ஒன்று. நகைக்கு வைத்தாருள் இருவர் அவன் கோலத்தினராகவே அமைந்துவிட்டனர்.

தொல்காப்பியனாரோ இத்துணை விரிக்கவில்லை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை நகைக்கு நிலைக்களனாக வைத்து, பிணியினை இளிவரலுக்கும் அசைவினை அழுகைக்கும் உரியதாக்கினர். பித்தரை நகைப்பகுதியில் பெயர் சுட்டிக் கூறிற்றிலர். பேதைமை என்பதனுள் பித்து அடங்குமெனின், அடங்காது. பேதைமை அறியாமை, பித்து அறிந்தது திரிதல். பிணியின்பாற் படுவதே அதற்கு இயைபு.

மணிமேகலை மலர்வனம் புக்க காதையில் மயலுற்றான் ஒருவனைச் சாத்தனார் காட்டும் பகுதி, தமிழில் பித்தனைப் பற்றி எழுந்த ஓவியங்களுள் தலையாயது. உவவனம் நோக்கிச் சுதமதியோடு செல்லும் மணிமேகலையின் வழியிலே அவன் நிற்கின்றான். அலரிமாலையும் எருக்கமாலையும் அணிந்துள்ளான். கந்தலோடு சுள்ளிகளையும் உடையாகக் கட்டியுள்ளான். வெண்ணீற்றினை மெய்ம்முழுதும் பூசியுள்ளான். அழுகின்றான், விழுகின்றான், தொழுகின்றான், ஓடுகின்றான், ஒருபுறம் ஒதுங்கி நெடுநேரம் நிற்கின்றான், தன் நிழலோடு தானே பகைத்துப் பொருகின்றான். நிழலோடு பொருதல் என்னும் அவ்வொன்றே போதும், புலவர் இத்தகையானைக் கண்ணாரக் கண்டு பாடினார் என்பதற்கு. கற்பனையால் இதனைக் காண்டல் அரிது.

நீறும் எருக்கும் சைவக் கோலமாதலின், பௌத்தராகிய சாத்தனார் சிவனடியாரை எள்ளினார் என்று ஐயுறுவாரும் உளராகலாம். அவ்வையம் பொருந்தாது. எருக்கு மடலேறுவானும் அணிவது. குணமிலாப் பூவெனினும் கடவுளர் அதனை விலக்கார் என்று கபிலர் புறநானூற்றிற் பாடியதும் அறிக. அன்றியும் எள்ளக் கருதும் புலவர்க்கு அவ்வீதியிலேயே அதற்கு இடம் இருந்தது. அதே காதையில் சமணத்துறவி ஒருவரைக் களிமகன் ஒருவன் வழிமறித்துக் கள்ளுண்ண அழைக்கும் நகைப்பகுதி உளது. ஆண்டு நகை வெளிப்படை. அதனையடுத்து மயலுற்றானைக் காட்டுமிடத்து நகைக்குறிப்பு யாதுமில்லை. அவன் பின்னே நிற்கும் மாந்தர்க்குச் சாத்தனார் கொடுத்த வினை 'வருந்தி' என்பது. சிரித்து எனற்கும், வியந்து எனற்கும், கல்லெறிந்து எனற்கும் இடமிருக்க, வருந்தி என்றார். நாடகநூலார் நகை பெய்த இடத்தில் இவர் அழுகை பெய்தார்.

எனினும் அக்கூட்டத்தாரை அளவிறந்து புகழ்தற்கும் இல்லை. அவர் வருந்தினர், வருந்தியவாறே கண்டு நின்றனர், மணிமேகலை வரக் கண்டதும் அவனை விட்டு வந்து அவளழகினைச் சூழ்ந்துகொண்டனர். அதற்குமேல் அவன் கதை காப்பியத்தில் இல்லை. அவன் நெடுங்கல் மன்றத்திற்குச் சென்றானா, யாரேனும் அழைத்துச் சென்றாரா என்பதும் இல்லை. அம்மன்றம் நின்ற நகரமும் இதுவே என்பது நினைவிற்கு வருங்கால், நூல் கூறாது விட்ட இடமே கனக்கின்றது.

சங்கத மொழியில் எழுந்ததாயினும் காஞ்சி மாநகரிற் பிறந்த மத்தவிலாசப் பிரகசனமும் ஈண்டு எண்ணத்தக்கது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய அந்நகை நாடகத்தில், நாடகநூல் வரிசையில் நின்றவருள் மூவர் ஒருங்கே மேடையேறுகின்றனர்: கட்குடியன், காபாலிகன், பித்தன். முதலிருவரும் ஒருவனே. காபாலிகன் தன் கபாலத்தை இழந்து, பௌத்த பிக்கு ஒருவன் அதனைக் கவர்ந்தான் என்று வழக்காடுகின்றான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகின்றான். அறிவுடையார் என்போரெல்லாம் சொற்போர் இட்டு ஒரு முடிவும் காணாராக, நாயின் வாயினின்று பறித்த அக்கபாலத்தோடு பித்தன் ஒருவன் வருகின்றான். தேடிய பொருள் அவன் கையில் இருந்தது. அவனைக் கண்டு அவை நகைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. மகேந்திரவர்மன் எழுதியது நகை நாடகம். ஆனால் கதையின் முடிச்சு அவிழ்வதும் அவன் கையினாலேயே. நகைவரிசையை மேற்கொண்டே அதனைச் சற்று அசைத்துப் பார்த்த புலவன் அவன்.

இனிச் சைவ நூல்களின் கருத்தினைக் காண்போம் எனின், முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். இறைவனைப் பித்தன் என்று அழைத்தமையானும், உன்மத்தம் எனப் பெயரிய ஊமத்தை மலரினை அவன் சூடினமையானும், சைவம் பித்தரைப் பெருமைப்படுத்திவிட்டது என்று கூறுவார் உளர். சிவஞான சித்தியார் எட்டாம் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர், ஞானநிட்டை உடையோர் சிறுவர், உன்மத்தர், பசாசர் ஆகியோரின் இயல்பு பொருந்தி ஆடலும் பாடலும் பயின்றிடினும் பயில்வர் என்றருளியதனையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர்.

ஆண்டு உன்மத்தர் உவமை; ஞானியர் பொருள். புலி போலப் பாய்ந்தான் என்றவழிப் பாய்ந்தவன் புலியாகான், புலியும் அவனாகாது. பொதுத்தன்மை பாய்தல் ஒன்றே. அதுபோல, விதிவிலக்குக்களின் கட்டு நீங்கி நிற்றல் ஒன்றே ஞானிக்கும் பித்தனுக்கும் பொது. ஞானிக்கு அக்கட்டு நீங்கியது அறிவு விளங்கினமையால். பித்தனுக்கு நீங்கியது கருவிகள் பழுதுற்றமையால். ஒருவன் மலையுச்சியை அடைந்து வழியை விட்டவன். ஒருவன் இருளில் வழி தவறியவன். இவ்வேறுபாட்டினை அறியாதார் இருவகையாற் கேடு விளைக்கின்றனர். உண்மை ஞானியைப் பித்தன் என்று இகழ்தல் ஒருவகை. அது காரைக்கால் அம்மையார் காலந்தொட்டு உள்ளது, அதனால் அவர்க்குக் குறைவொன்றில்லை. மற்றொருவகையே கொடிது. சடையும் கந்தலுமாய்த் தெருவிற் கிடக்கும் நோயாளியைச் சித்தர் என்று கூறி, அவன் காலடியில் சூடமும் பழமும் வைத்து, அவனுக்கு மருந்து கொடாது விடுதல். அவன் வாயினின்று வரும் சொற்களைக் குறியென்று கேட்டுச் செல்வார், அவன் காலில் புழுத்த புண்ணைக் காணார். வழிபாட்டின் பெயரால் நிகழும் புறக்கணிப்பு அது. சித்த மருத்துவ நூலாரோ கிரிகை என்னும் பெயரால் பித்தினைப் பதினெட்டு வகையாகப் பகுத்து மருந்தும் கூறினர். சித்தர் வழியினர் என்போர் அதனையாவது நினைத்தல் தகும்.

பித்தரைப் பற்றிச் சித்தாந்தம் உரைக்கும் உண்மை இப்புகழ்மொழிகளில் இல்லை. ஆன்ம இலக்கணத்தில் உள்ளது. சிவஞானபோத நான்காம் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று மெய்கண்டதேவர் அறுதியிட்டனர். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அமைச்சர் போல்வன. ஆன்மா அரசன் போல்வது. சகசமலத்தால் மறைப்புண்ட ஆன்மா அவற்றோடு கூடியன்றி அறியமாட்டாது. அமைச்சர் கலங்கியவழி அரசியல் கலங்கும். ஆயினும் அரசன் இல்லாதொழிந்தான் என்று கூறுவார் யார்? பித்து என்பது கரணங்களின் கலக்கம். அக்கலக்கத்தினால் ஆன்மாவின் இருப்போ, அதற்குத் திருவருளோடுள்ள தொடர்போ சிறிதும் குறைவதில்லை. அன்றியும் அதே சூத்திரம் ஐந்து அவத்தைகளையும் கூறுகின்றது. நாள்தோறும் உறக்கத்தின்கண் ஒவ்வோர் உயிரும் தன் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்து, அறிவின்றிக் கிடந்து, விடியலில் மீண்டும் பெறுகின்றது. தெளிந்தவன் என்பான் கருவிகளை இழவாதவன் அல்லன். வைகறையில் திரும்பப் பெறுபவன், அவ்வளவே. இதனை உணர்ந்தார்க்குப் பித்தன் வேறோர் இனத்தவனாகத் தோன்றான்.

வினைப்பயன் என்பார்க்கும் விடை கூறவேண்டும். பிணியெல்லாம் முன்னை வினையின் விளைவாதலின் பித்தும் அத்தகையதே. அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும் என்று வாளா இருப்பார் பலர். சித்தாந்தம் வினையை மறுப்பதன்று. ஆனால் வினையைச் சொல்லி வாளா இருத்தலை ஆளுடைய பிள்ளையார் ஏற்றிலர். கொடிமாடச் செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பற்றியவழி அருளிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கத்திலேயே, முன்செய்த வினைக்கு இது பயன் என்று கூறிக்கொண்டு உய்யும் வழி தேடாதிருத்தல் குறையன்றோ என்று கடிந்து வினவினர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் நிகழ்ந்ததோ அதனினும் வியப்புடைத்து. முயலகன் என்னும் பிணியால் உணர்விழந்து கிடந்த கொல்லிமழவன் மகளைக் கண்டு, அவர் அப்பெண்ணின் வினையைப் பற்றி ஒரு சொல்லும் கூறிற்றிலர். இவளை இங்ஙனம் வாட்டுதல் உமக்குப் பெருமையோ என்று இறைவனையே பாட்டுத்தோறும் கேட்டனர். முயலகனை வலிப்பின்பாற் படுத்துவர். எனினும் அறிவு மயங்கும் பிணிகள் எல்லாவற்றிற்கும் அவ்வினா பொருந்தும். நோயுற்றாரை நோக்கிக் குற்றம் தேடாது, நோய் தந்தானை நோக்கி வழக்கிடும் வாய் அது. அவ்வாயின் வழிவந்தார் என்போர் நோயாளியின் வீட்டுவாயிலில் நின்று வினை பேசுதல் பொருந்துமாறு இல்லை.

இந்நூல்கள் எல்லாம் இருந்தும் தமிழ்நாட்டில் நகைவரிசை இன்னும் கலையவில்லை. சென்னையில் மனநோயாளர்க்குரிய அரசு மருத்துவ நிலையம் 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் உளது. அவ்வூர்ப்பெயரே வசைமொழியாயிற்று; ஒருவனை இகழ வேண்டின் அவ்வூருக்கு அனுப்ப வேண்டியவன் என்பர். ஈழத்தார் அங்கொடை என்னும் ஊர்ப்பெயரை அவ்வாறே வழங்குவர். பித்தர் தெளிவுபெறும் இடத்தினைப் புகார் நகரம் தன் பெருமைகளுள் வைத்தெண்ணியது. பிற்காலத் தலைநகரம் அதே இடத்தின் பெயரை நகையாக்கியது. திரைப்படங்களில் பித்தர் கூட்டம் நகைச்சுவைக்கென்றே வந்து ஆடிப் போவதும், மேடைப் பேச்சாளர் மாற்றுக் கட்சியாரைப் பைத்தியம் என்று கூறிக் கைதட்டுப் பெறுவதும் அப்பழைய நூற்பாவின் உரைகளே. இவர்களுள் பலர் தமிழ்ப்பெருமை பேசுவோர் என்பது கருதத்தக்கது.

நகை ஓரிடத்தோடு நிற்பதுமன்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியவழி, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் இறந்தனர். எழுந்தோட அவர்க்குக் கால் இருந்தது, கட்டு விடவில்லை. மனநோயாளரைச் சங்கிலியிடுதலை எவ்வகையானும் விலக்கும் சட்டம் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. புகாரின் நெடுங்கல்லைச் சுற்றி வந்தவர் காலில் தளை இருந்ததாக இளங்கோவடிகள் கூறவில்லை என்பதனை மீண்டும் நினைக்க.

பித்தன் என்னும் சொல் நகையிலிருந்து எழுந்து ஏழாந் திருமுறையின் முதற்சொல்லாயினமைக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் உரைக்கின்றனர். புத்தூரில் நம்பியாரூரரின் திருமணப் பந்தரிற் புகுந்த முதிய வேதியர், இவன் என் அடிமை என்றார். கேட்டிருந்தாருள் வெகுண்டார் சிலர், சிரித்தார் சிலர், நம்பியும் நகைத்தார். மறையவர்க்கு மறையவர் அடிமையாதல் யாண்டும் இல்லையாதலின், நீர் பித்தரோ என்றார். அச்சொல் அங்கே வசை மட்டுமன்று. வழக்குரைக்கும் தகுதியையே ஒருவனிடமிருந்து பறிக்கும் சொல். பித்தன் என்று பெயரிட்டுவிட்டால், அவன் கூறுவதற்கு விடை கூறவேண்டுவதில்லை. முதியவரோ பித்தனெனினும் பேயனெனினும் நாணேன் என்றார், வழக்கினை விட்டாரல்லர். நம்பி அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்த பின்னும், மூல ஓலை உண்டென்று கூறி வெண்ணெய்நல்லூருக்குச் சென்றார்.

சேக்கிழாரின் நுண்மை அவ்வூர் அவையைக் காட்டுமிடத்தே விளங்குகின்றது. மெய்கண்டதேவர் பிற்காலத்து விளங்கிய ஊரும் அதுவே. அவ்வவையத்தார் முதியவரின் கூற்று உலகில் இல்லாதது என்று முதலில் கூறினும், அவரைப் பித்தர் என்று புறந்தள்ளினாரல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றினைக் காட்டுக என்றனர். மூல ஓலையை வலிந்து பறியாவண்ணம் காப்பதாகச் சொன்னாலன்றிக் காட்டேன் என்றார் முதியவர், அதற்கும் இசைந்தனர். ஓலையைக் கரணத்தான் வாசித்தான். நம்பியின் பாட்டனார் எழுத்தோடு ஒப்பு நோக்கினர், எழுத்து ஒத்தது. ஊரெல்லாம் போற்றும் மணமகனை எதிர்த்து, ஊர் பேர் அறியப்படாத அம்முதியவர்க்குத் தீர்ப்பு வழங்கினர். அதன் பின்னரே, இவ்வூரில் உமது மனை எங்கே, காட்டுக என்று வினவினர். அவர் முன்னே நடந்து திருவருட்டுறைக் கோயிலுட் புகுந்து மறைந்தார். தீர்ப்புக் கூறியபோது அவர் யாரென்று அவ்வவையத்தார் அறிந்திலர்.